விட்டுப்போனதாகச் சொன்ன ஜாயிண்ட்

என் அப்பா நூர் பாஷா பாலக்கோட்டில் நாற்பத்தொரு வருடம் மோட்டார் காயில் கட்டினார். போன மாதம் இறந்தார். வயது எழுபத்து மூன்று.

அவர் படித்தது ஐந்தாவது வரை. பாப்பாரப்பட்டியிலிருந்து பதினாறு வயதில் வந்து ஒரு காயில் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சொந்தக் கடை. தக்காளி ஏற்றிக்கொண்டு வரும் டிராக்டரிலேயே எரிந்துபோன கிணற்று மோட்டாரும் வரும். கூடைகளை மண்டியில் இறக்கிவிட்டு மோட்டாரை எங்கள் கடையில் இறக்குவார்கள். சித்திரையில் மூன்று நாள் தண்ணீர் பாயாவிட்டால் செடி போய்விடும். வருகிறவர்கள் எல்லோருக்கும் அவசரம். அப்பாவுக்கு மட்டும் அவசரம் கிடையாது.

செம்புக் கம்பியின் மேல் பூச்சு இருக்கும். அதை பிளேடால் சுரண்டுவார். முழுக்கப் போய்விட்டதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். ஏழு முறுக்கு. ஈயம். பருத்தி நாடா. அதன்மேல் வார்னிஷ். மற்ற கடைகளில் இரண்டு நிமிடத்தில் முடியும் ஜாயிண்டுக்கு இவர் பத்து நிமிடம் எடுப்பார்.

"என்னங்க பாயி, பொண்ணுக்கு ஜடை போடறாப்ல முறுக்கிட்டு இருக்கீங்க. அங்க செடி வாடுதுங்க" என்பார் கருப்பண்ணன் என்ற விவசாயி.

"நாளைக்கே திரும்பத் தூக்கிட்டு வர்றதா இருந்தா இப்பவே எடுத்துட்டுப் போங்க" என்பார் அப்பா.

கருப்பண்ணன் உட்கார்ந்துவிடுவார். அப்பா செய்த வேலை திரும்பி வந்ததில்லை. நூர் பாய் ஜாயிண்ட் என்று சுற்றுவட்டாரத்தில் சொல்வார்கள்.

ஒரே ஒரு ஜாயிண்ட் விட்டுப்போனது என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் அவருடைய ஒரே மகள், மெஹ்ஜபீன். வீட்டில் உருதும் தமிழும் கலந்து பேசுவோம். இங்கே எல்லாவற்றையும் தமிழில் தருகிறேன்.

2003. சேலத்தில் எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் முடித்து வீட்டுக்கு வந்திருந்தேன். அப்பா எனக்காக ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். தர்மபுரியிலிருந்து பஸ்ஸில் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். டெலிபோன் லைனில் மோடம் மாட்டி இன்டர்நெட் எடுத்தோம்.

பெங்களூரில் ஒரு கம்பெனி என்னை வித்தியாசமான பரீட்சைக்குக் கூப்பிட்டிருந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை வீட்டிலிருந்தே அவர்களுடைய கருவிகளுக்குள் இன்டர்நெட் வழியாக நுழைந்து, அவர்கள் வேண்டுமென்றே வைத்திருக்கும் கோளாறுகளைச் சரிசெய்ய வேண்டும். நடுவில் மூன்று முறை இணைப்பு அறுந்தால் பரீட்சை முடிந்தது.

எங்கள் வீட்டில் இணைப்பு நான்கு நிமிடம்தான் நிற்கும். நல்ல நாளில் ஒன்பது.

மோடம் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. டயல் செய்யும், கிறீச்சிடும், கரகரக்கும், இணையும். பிறகு முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு அணையும். அவ்வளவுதான், மறுபடி முதலிலிருந்து. ஒரு வாரம் அதோடு போராடினேன். டிரைவரை அழித்துத் திரும்பப் போட்டேன். கேபிளை மாற்றினேன். வேகத்தைக் குறைத்து அமைத்தேன். மோடத்தைச் சுவர் சாக்கெட்டிலேயே நேராகச் செருகினேன். டிவி ஸ்டெபிலைசரைக் கழற்றி அடுத்த அறைக்குக் கொண்டுபோனேன். நான்கு நிமிடம், ஐந்து நிமிடம்.

புதன்கிழமை ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துச் சும்மா கேட்டேன். டயல் டோனுக்கு அடியில் ஓர் இரைச்சல். ம்ம்ம் என்று ஒரே சீராக. அப்போது கரண்ட் போனது. இரைச்சலும் போனது. ஆக, எங்கோ டெலிபோன் கம்பி கரண்ட் கம்பியை ஒட்டி ஓடுகிறது. அந்த இரைச்சலைக் காதால் கண்டுபிடிக்க எனக்குச் சொல்லித் தந்தவரே அப்பாதான்.

வியாழக்கிழமை டெலிபோன் லைன்மேன் சந்திரமோகன் வந்தார். வாசல் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"எங்க பக்கம் கிளீனா இருக்குங்க. உங்க வூட்டுப் பக்கந்தான் என்னமோ தொங்குது."

"என்ன தொங்குது?"

"நான் ஒண்ணும் பாக்கலைங்க." பெட்டியை மூடினார். "நூர் பாய் வூட்ல நான் எதையும் பாக்க மாட்டேன். எங்கண்ணன் மோட்டாரு இன்னிக்கும் ஓடுது. நீங்களும் கூரைப் பக்கம் பாக்காதீங்க. பாத்தாலும் அப்பாவ ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தொடுங்க."

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது கேட்டேன்.

"அப்பா, எங்கயாவது எக்ஸ்ட்ரா கம்பி இழுத்திருக்கீங்களா?"

"ஏம்மா, லைன்மேன் ஏதாச்சும் சொன்னாரா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"பேசறதுக்கு லைன் நல்லாத்தானே இருக்கு."

"பேசறதுக்கு நல்லா இருந்தாப் போதுமா? இது வேற. உங்க மோட்டார் கடை வேலை மாதிரி இல்ல இது."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "சரிம்மா, நீ படிச்சவ" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மட்டும் ஃபோன நாம எடுக்க வேண்டாம். மத்த நேரமெல்லாம் உன் இஷ்டம்" என்றார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. என் பரீட்சை பத்து மணிக்கு. நாலு மணியைப் பற்றி எனக்கென்ன.

வெள்ளி காலை அவர் கடைக்குப் போனதும் கூரைமேல் ஏறினேன்.

டெலிபோன் கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்தில் பருத்தி நாடா சுற்றிய இரண்டு ஜாயிண்ட்கள். அங்கிருந்து ஒரு ஜோடிக் கம்பி கிளம்பியது. டெலிபோன் கம்பி அல்ல. மோட்டார் கட்டும் செம்புக் கம்பி, பிளாஸ்டிக் உறைக்குள் நுழைத்தது. கரண்ட் சர்வீஸ் கம்பியோடு சேர்த்துக் கட்டி, பக்கத்து வீட்டுக் கூரையைத் தாண்டி, அதற்கடுத்த வீட்டின் சமையலறை ஜன்னல் துவாரத்துக்குள் போயிருந்தது. காயில் கட்டுகிறவர் மட்டுமே அப்படி ஒரு டெலிபோன் லைன் இழுப்பார். பேச்சு போகும். மோடம் இணைப்பு நிற்காது.

அந்த ஜன்னல் ரஹமத் பீவியுடையது. நான் எட்டாவது படிக்கும்போது அம்மா இறந்தார். அதன் பிறகு என் தலைக்கு எண்ணெய் வைத்ததும், பரீட்சை நாட்களில் சோறு அனுப்பியதும் அவர்தான். சொந்தம் இல்லை, ஆனாலும் காலா என்று கூப்பிடுவேன், அதாவது சின்னம்மா. அவருடைய கணவர் இரண்டு மாதம் முன்புதான் இறந்திருந்தார். ஒரே மகன் ஜாவீத் சவூதியில். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்ததால் அடக்கத்துக்கு வர முடியவில்லை.

கணவனை இழந்த பெண் எங்களில் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருப்பாள். வீட்டு வாசலைத் தாண்டமாட்டாள். ஜாவீத் எப்போதும் எங்கள் நம்பருக்குத்தான் கூப்பிடுவார். நாங்கள் குரல் கொடுப்போம், காலா ஓடி வருவார். இத்தாவில் ஓடி வர முடியாது. அதனால் அப்பா எங்கள் லைனிலிருந்தே ஒரு ஃபோனை அவர் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்.

சவூதியில் வெள்ளிக்கிழமை விடுமுறை. அங்கே ஜும்ஆ தொழுகை முடிந்து டெலிபோன் பூத்துக்கு வரும் நேரம் இங்கே நாலு மணி.

கூரைமேல் நின்ற அந்த நிமிடத்திலேயே இதெல்லாம் எனக்குப் புரிந்துவிட்டது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரிந்துதான் செய்தேன்.

ஜாயிண்டின் மேல் பிளேயரை வைத்தேன். கடிக்கவில்லை. ஈயமும் வார்னிஷும் கல்லாகியிருந்தன. ஒரு விரல் தள்ளி இரண்டு கம்பிகளையும் வெட்டினேன். பன்னிரண்டு மணிக்கு முடிந்ததும் திரும்பச் சேர்த்துவிடலாம் என்பது என் எண்ணம். பத்து நிமிட வேலை.

இறங்கி வந்து ரிசீவரைக் காதில் வைத்தேன். இரைச்சல் இல்லை. இரண்டு மணி நேரம் விளக்கு ஒருமுறைகூட அணையவில்லை. ஒரு மணிக்கு பெங்களூரிலிருந்து ஃபோன் வந்தது. திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள்.

கடைக்கு ஓடினேன். அப்பா அப்போதுதான் தொழுகை முடித்து வந்திருந்தார். கடையில் இருந்த எல்லோருக்கும் டீ சொன்னார். "எம்பொண்ணு வூட்ல உக்காந்தே பெங்களூரு மிசின ரிப்பேர் பண்ணிருக்கா" என்று கருப்பண்ணனிடம் சொன்னார்.

"அப்ப நீங்களும் வூட்ல உக்காந்தே எம்மோட்டார கட்டிருங்க பாயி. இம்புட்டுத் தூரம் தூக்கியாற வேண்டியதில்ல பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா என் பக்கம் திரும்பினார். "லைன் கட்டாகலையா?"

"ஆகல."

"எப்படிச் சரி பண்ண?"

"கம்ப்யூட்டர்ல ஒரு செட்டிங்."

அவர் முகம் தெளிந்தது. இத்தனை நாள் என் பரீட்சைக்குத் தன் கம்பி இடைஞ்சலோ என்று பயந்திருக்கிறார். இல்லை என்று நான் சொல்லிவிட்டேன்.

பிறகு சிநேகிதி அன்ஜுமைக் கூட்டிக்கொண்டு பையும் செருப்பும் வாங்க தர்மபுரிக்குப் போனேன். திரும்பி வரும் பஸ்ஸில் நாலு மணி நினைவுக்கு வந்தது. அப்போது மணி ஆறு. எங்கள் வீடு அதுவரை பூட்டிக் கிடந்தது. மறந்துவிட்டேன். இதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

சனிக்கிழமை சேர்த்திருக்கலாம். கம்பெனி அனுப்பிய படிவங்களை இறக்க வேண்டியிருந்தது. சேர்த்தால் மறுபடி இரைச்சல் வரும். அடுத்த வெள்ளிக்குத்தானே கூப்பிடுவார், அப்பாவே ஏதாவது பார்த்துக்கொள்வார் என்று விட்டேன். அவரிடம் சொல்லவும் இல்லை. ஞாயிறு மதியம் பெங்களூர் பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

நான் கம்பியை வெட்டியதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலா மகனைத் திட்டியிருக்கிறார். "பெத்த அப்பன் மேல ஒரு பிடி மண்ணு போட வரல. இனிமே எதுக்குடா வர்ற?" என்று கேட்டிருக்கிறார். கேட்டது தப்பு என்று அந்த வாரம் முழுக்க மனசு அடித்துக்கொண்டதாம். நான் வெட்டிய அந்த வெள்ளி நாலு மணிக்கு ஃபோன் பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அடிக்கவில்லை. மகன் ஒரேயடியாகக் கோபித்துக்கொண்டான் என்று முடிவு செய்துவிட்டார். லைன் உயிரோடு இருக்கிறதா என்று ரிசீவரை எடுத்துப் பார்க்கவும் இல்லை. அடித்தால் மட்டும் எடுக்க வேண்டும் என்பது அப்பாவோடு பேசிவைத்த ஏற்பாடு.

திங்கட்கிழமை அப்பா வாசலில் நின்று, "ஜாவீத் பேசினானா பாபி?" என்று கேட்டிருக்கிறார். நண்பரின் மனைவி என்பதால் அண்ணி முறையில் பாபி என்பார். இல்லை என்று திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. ரிசீவரை எடுத்துப் பார்க்கச் சொன்னார். செத்த லைன். கூரை ஏறினார்.

இறங்கி வந்து, "என் ஜாயிண்ட் விட்டுப் போச்சு பாபி" என்றார்.

அன்றைக்கே சேர்த்துவிட்டார். ஆனால் அந்த வெள்ளிக்கிழமைதான் ஜாவீத் பூத்திலிருந்து பேசியிருக்கக்கூடிய கடைசி நாள். சனிக்கிழமை அவரைப் பாலைவனத்துக்குள் ஒரு குழாய் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஃபோன் இல்லை. கடிதம் வந்து சேர ஒன்பது வாரம் ஆனது. அந்த ஒன்பது வாரமும் காலா நான்கு சுவருக்குள், கணவனும் போய், அந்த ஒரு ஜாயிண்டால் மகனும் கைவிட்டுப் போனான் என்று உட்கார்ந்திருந்தார். அப்பா வாசலில் வந்து நின்றால் பதில் சொல்லவில்லை. அவர் கொடுத்தனுப்பிய சாமான்களைத் திருப்பி அனுப்பினார்.

இத்தா முடிந்த வாரம் நான் ஊருக்கு வந்திருந்தேன். காலா முதல்முறையாக வாசலைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காலா என் கன்னத்தைத் தடவினார். இதையெல்லாம் சொன்னார். பிறகு அப்பாவைக் காட்டி, "பாலக்கோட்டுல இருக்கிற மோட்டாரெல்லாம் இவரு ஜாயிண்ட்லதான் ஓடுதாம். எம்புள்ள குரலு வர்ற கம்பி மட்டும் விட்டுப் போச்சாம்" என்றார். பாதி கேலி, பாதி ஆறாத கோபம்.

"விட்டுப் போச்சு பாபி. என் கைதான்" என்றார் அப்பா. என்னைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தார்.

நான் சொல்லியிருக்க வேண்டும். "உங்களுக்கு டீ போடவா காலா?" என்று கேட்டு உள்ளே போய்விட்டேன்.

காலா போன பிறகு கூரை ஏறினேன். நான் வெட்டிய இடத்தில் இரண்டு புது ஜாயிண்ட்கள். பழையவை ஒரு விரல் தள்ளி அப்படியே இருந்தன. பிளேயரில் வெட்டுப்பட்ட கம்பியின் முனை சப்பையாக இருக்கும். முறுக்கு விட்டுப்போன முனை நெளிந்திருக்கும். ஏழு வயதுக் குழந்தைக்கே தெரியும் வித்தியாசம். எனக்கு ஏழு வயதில் தெரிந்தது. கையில் எடுத்த உடனேயே அவருக்குப் புரிந்திருக்கும். அன்று வீட்டில் இருந்தது நான் ஒருத்திதான்.

கதை கடைக்கும் போனது. "எம்மோட்டாருக்கு ஃபோன் ஜாயிண்ட் போட்டுராதீங்க பாயி" என்று கருப்பண்ணன் ஒரு வருடம் சொன்னார். அப்பாவும் கூடவே சிரித்தாராம்.

இருபத்திரண்டு வருடம் அவர் என்னிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை. நான் இப்போது பெரிய கம்பெனிகளுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுக்கிறேன். எங்கே அறுந்தது, யார் அறுத்தது என்று கண்டுபிடித்து அறிக்கை எழுதுவது என் தொழில். அவர் வீட்டில் வைஃபை நின்றுபோனால் எனக்கு ஃபோன் செய்வார். பின்னால் இருக்கும் கேபிளைக் கழற்றி மாட்டுங்கள் என்பேன். "நான் கை வெக்கலம்மா. நம்ம கை வெச்சா விட்டுப் போயிரும்" என்பார். வேடிக்கையாகத்தான் சொல்வார். ஒவ்வொரு தடவையும் நான் சிரித்தேன்.

போன மாதம் அப்பாவின் மய்யித்தைத் தூக்குவதற்கு முன் வழக்கப்படி கேட்டார்கள். இவர் யாருக்காவது மனக்கஷ்டம் கொடுத்திருந்தால் மாப்பு செய்துவிடுங்கள் என்று. மாப்பு என்றால் மன்னிப்பு. வெளியே ஆண்கள் செய்தோம் என்றார்கள். உள்ளே பெண்கள் சொன்னார்கள். ரஹமத் காலா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு இப்போது எழுபத்தொன்று.

"அந்த ஜாயிண்ட் விசயத்த நான் எப்பவோ மாப்பு பண்ணிட்டேன் நூர் பாய்" என்றார். சத்தமாக, எல்லோர் காதிலும் விழும்படி.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு காலா வீட்டுக்குப் போனேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உட்கார்ந்தேன். ஜாயிண்ட் விட்டுப்போகவில்லை, நான்தான் வெட்டினேன் என்றேன். கூரையில் நின்றபோதே எல்லாம் தெரியும் என்பதையும் சொன்னேன்.

அவர் கை நின்றது.

"எதுக்கு?"

"பரீட்சைக்கு. இரைச்சல் இருந்துச்சு. சாயங்காலத்துக்குள்ள சேத்துடலாம்னு இருந்தேன். மறந்துட்டேன்."

"பாய்க்குத் தெரியுமா?"

"தெரியும்."

கீரையை ஒதுக்கி வைத்தார். "ரெண்டு மாசம் அந்த மனுசன் வாசல்ல வந்து நிப்பாரு. பாபி, பாபின்னு கூப்புடுவாரு. நான் உள்ள உக்காந்துகிட்டே பதில் சொல்லல" என்றார். பிறகு, "உயிரோட இருக்கறப்ப சொல்லியிருந்தா நான் அவருகிட்ட மாப்பு கேட்டிருப்பேனே. இப்ப யாருகிட்டப் போயிக் கேக்க?"

"என்னை மாப்பு பண்ணுங்க காலா."

"அது அப்புறம். மொதல்ல ஜாவீத்துக்குப் போடு."

ஜாவீத் சவூதியிலிருந்து வந்து வருடங்கள் ஆயிற்று. தர்மபுரியில் செருப்புக் கடை வைத்திருக்கிறார். ஸ்பீக்கரில் போட்டு, சொன்னதை மறுபடி சொன்னேன்.

"அன்னிக்கு ஆறு தடவ போட்டேன்" என்றார் ஜாவீத். "மணி அடிச்சுகிட்டே இருந்துச்சு. அம்மா வேணும்னுதான் எடுக்கலன்னு நெனச்சேன். அதான் கடுதாசி போடவும் அவ்ளோ நாளாச்சு."

"அத ஏன்டா எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டார் காலா.

"நீ ஏம்மா எங்கிட்டக் கேக்கல?"

நான் நடுவில் ஃபோனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எங்களில் பெண்கள் அடக்கம் செய்த கபர்ஸ்தானுக்குப் போவதில்லை. காலா போக முடியாது, நானும் முடியாது. "வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு இங்க வா. தொழுதுட்டு நூர் பாய் தலமாட்டுல போயி நில்லு. நான் சொல்றதச் சொல்லு" என்றார் மகனிடம்.

வெள்ளிக்கிழமை நான் பெங்களூரிலிருந்து வந்தேன். காலா வீட்டுச் சமையலறையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். ஜன்னல் துவாரத்தில் அந்தச் செம்புக் கம்பியின் ஒரு துண்டு இன்னும் தொங்குகிறது. எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. நாலு மணிக்கு ஃபோன் அடித்தது.

"சொல்லிட்டேம்மா."

"என்னன்னு சொன்ன?"

"நீ சொன்னபடிதான். நூர் சாச்சா, உங்க ஜாயிண்ட் விட்டுப் போகல. மெஹ்ஜபீன் வெட்டுனா. எங்கம்மா உங்ககூடப் பேசாம இருந்ததுக்கு மாப்பு கேக்கறாங்க, அப்படின்னு."

"சத்தமாச் சொன்னியா?"

"சத்தமாத்தான் சொன்னேன். பக்கத்துல நாலு பேரு திரும்பிப் பாத்தாங்க."

"பாக்கட்டும்" என்றார் காலா.

ஃபோனை வைத்துவிட்டு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார். எனக்கு டீ கொடுத்தார். நான் கேட்ட மாப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மறந்திருக்க மாட்டார்.

"அடுத்த வெள்ளிக்கிழமையும் வர்றேன் காலா."

"வா" என்றார்.